வயிற்றில் வைத்த மருந்தா? வயிற்றைக் கட்டும் மருந்தா?

(அச்சங்குளத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



என்னை இங்கு அழைத்த தோழர்கள் ஏதேனும் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசும்படி மாத்திரம் கேட்டுக்கொண்டார்கள். எதைப் பற்றி என்பதை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே நான் இன்று "மருந்து" என்ற ஒரு சொல்லைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன்.

நமது பக்கத்தில் மருந்து என்றால் மூன்று அர்த்தம். பட்டாசு ஆபீசில் மருந்து என்றால் வெடிமருந்து. ஆஸ்பத்திரியில் மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது. திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் இரகசியமாக "மருந்து வைத்துவிட்டாள்" என்று பேசினால் அது இடுமருந்து. இந்த மூன்றில் முதலாவது மருந்தை உங்களைப்போல் அறிந்தவர்கள் உலகத்தில் குறைவு. எதை எதோடு கலக்கலாம், எதைக் கலக்கக்கூடாது, ஏன் இரும்புக் கருவியைக் கொண்டுபோகக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நீங்கள் அந்த மருந்துக்குக் கற்பூரம் காட்டினாலும் காட்டாவிட்டாலும் அதன் குணம் மாறாதென்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த அறிவை மற்ற இரண்டு மருந்துகளிடத்திலும் காட்டுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதிலும் புத்தி மாறாட்டத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும், அவை வயிற்றில் செய்யும் காரியத்தைப் பற்றியும் பேசப் போகிறேன்.

வெளிக்குப் போவதைப் பற்றி மேடையில் பேசுவதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டாவது கேளுங்கள். ஏனெனில் இந்தச் சங்கதியை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டே செத்தவர்கள் உண்டு.

நான் வைத்தியன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவன். பிறகு படித்ததெல்லாம் நானாகத் தேடிப் படித்ததும், டாக்டர்களை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். ஆதலால் நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்து, உங்கள் டாக்டரையும் கேட்டு, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

தோழர்களே! என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் தமக்கைக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இளையவனுக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது யாருமில்லாத இடத்தில் குரல் கேட்க ஆரம்பித்தது. இராத்திரி தூக்கமில்லை. தன்னை யாரோ கொல்லப் போவதாகச் சொல்லுவான். ஒரு வருஷம் கோயில், மந்திரம், தாயத்து என்று கழிந்தது. பிறகு என் பிடிவாதத்தினால் டாக்டரிடம் போனோம். இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று குரல் கேட்பதற்கு, மற்றொன்று அந்த மாத்திரையினால் வரும் கை நடுக்கத்துக்கு. இரண்டு மாதத்தில் பையன் ஆளாகிவிட்டான். ஒரு டீக்கடையில் கணக்குப் பார்க்கும் வேலைக்கும் போனான். நானும், "பார்த்தாயா அக்கா, பேயெல்லாம் மாத்திரைக்குப் பயந்து ஓடிவிட்டது" என்று பெருமை பேசினேன்.

நாலாவது மாதத்தில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு உப்பிக் கல்போல் ஆயிற்று. வாந்தி எடுத்தான். உடனே பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள், இது இடுமருந்து என்று! யார் வைத்தது? வீட்டிலே சமைக்கிறவள் யார்? மூத்த மகனுடைய மனைவி. தீர்ந்தது வழக்கு! சாட்சியில்லை, விசாரணையில்லை. அந்தப் பெண் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குத் துரத்தப்பட்டாள். பையனை "மருந்து எடுக்கிற" ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, அந்த வாந்தியிலிருந்து மயிர் சுற்றிய ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துக் காட்டினார். என் தமக்கை கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. "இடுமருந்தென்பது பொய், அந்த உருண்டை அவர் விரலிடுக்கிலிருந்து வந்தது" என்று கத்தினேன். என் தமக்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சரியப்பா, இடுமருந்து பொய். அப்படியானால் என் பிள்ளை வயிறு ஏன் உப்பியிருக்கிறது?"

தோழர்களே! எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருஷமாக மேடையேறிப் பேசுகிறவனுக்கு, எது பொய் என்று சொல்லத் தெரிந்ததேயொழிய எது மெய் என்று சொல்லத் தெரியவில்லை. நான் வாயடைத்து நின்ற அந்த இடத்தில்தான் மருந்து எடுக்கிறவர் வந்து உட்கார்ந்துகொண்டார். நம்முடைய அறியாமைதான் அவருக்குப் போட்ட நாற்காலி.

அன்று இராத்திரியே பையனுக்கு வலி பொறுக்கமுடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மாள் முதலில் கேட்ட கேள்வி, "வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?" என்பது. ஒருவருக்கும் தெரியவில்லை. பையனைக் கேட்டால், பதினோரு நாள் என்றான். பதினோரு நாள்! அதுவரை மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை, பெற்ற தாயும் கேட்கவில்லை, மாமனாகிய நானும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது குடல் முழுவதும் மலம் இறுகிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அந்த அம்மாள் சொன்னார். இந்த மாத்திரைகள் குடலைக் கட்டும் என்றும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நிற்க. அது எப்படிக் கட்டுகிறது என்று பார்ப்போம். சாப்பிட்ட சாப்பாடு தானாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்குவதாக நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. குடல் ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் விரிந்து, பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோலத் தள்ளிக்கொண்டே போகிறது. இப்படிச் சுருங்கச் சொல்லி நரம்பிலிருந்து உத்தரவு போகவேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுபோகும் தூதனுக்கு அசிடைல்கோலின் என்று பெயர். செரோட்டோனின் என்று மற்றொரு தூதன். மூளைச் சரக்கென்று பலர் நினைக்கும் இந்தச் செரோட்டோனினில் பெரும்பாகம் உண்மையில் இருப்பது குடலிலேதான்.

புத்தி மாறாட்டத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, மூளையில் டோபமின் என்ற தூதனுடைய ஆரவாரத்தை அடக்குகிறது. அதனால் குரல் அடங்குகிறது. ஆனால் மாத்திரைக்கு மூளை எது, குடல் எது என்று தெரியாது. இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். குளோர்புரோமசின், ஓலன்சபின், குளோசபின் ஆகியவை குடலுக்குப் போகும் அசிடைல்கோலினையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. கை நடுக்கத்துக்கென்று கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையின் வேலையே அசிடைல்கோலினைத் தடுப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் குடலுக்கு உத்தரவு வருவது மேலும் குறைகிறது. வாய் உலருகிறது; மலம் இறுகுகிறது. இதுதான் என் தமக்கை கேட்ட கேள்விக்குப் பதில். மருமகள் வைத்த மருந்து ஒன்றுமில்லை. சீட்டில் எழுதி, கடையில் வாங்கி, தாய் தன் கையாலேயே கொடுத்த மருந்து அது.

இன்னும் கேளுங்கள். ஓலன்சபினும் குளோசபினும் சிலருக்குப் பசியைக் கிளப்பிவிட்டு உடம்பைப் பருக்க வைக்கும். சர்க்கரை வியாதியையும் கொண்டுவரும். குளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு இராத்திரியில் தலையணை நனையும்படி எச்சில் வடியும். இதையெல்லாம் பார்த்துவிட்டு "பேய் தின்கிறது", "பேய் வாயில் நுரை தள்ளுகிறது" என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். பேய்க்குப் பசியுமில்லை, எச்சிலுமில்லை!

இவற்றுள் குளோசபினுடைய கதை முக்கியமானது. மற்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத நோயையும் கட்டுப்படுத்தும் நல்ல மருந்து அது. ஆனால் 1975இல் பின்லாந்து தேசத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய்ச் சிலர் இறந்தார்கள். அன்றிலிருந்து அந்த மருந்தென்றால் இரத்தப் பரிசோதனை என்ற ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரத்தத்தைப் பார்த்தவர்கள் வயிற்றைக் கேட்க மறந்தார்கள். நியூசிலாந்தில் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைச் சோதித்து 2016இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பெருங்குடலை மலம் கடந்துபோக, குளோசபின் சாப்பிடாத மனநோயாளிகளுக்குச் சுமார் 23 மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்டவர்களுக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதாவது ஒரு நாள் பிரயாணம் நாலு நாளாகிவிட்டது. அதிலும் நோயாளி, "எனக்கொன்றுமில்லை" என்று சொன்னபோதே குடல் மந்தமாகத்தான் இருந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க தேசத்து உணவு, மருந்து நிர்வாகமும், குளோசபினால் வரும் மலச்சிக்கலைக் கவனியாமல் விட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்து வரும் என்று தன் எச்சரிக்கையைப் பலப்படுத்திற்று.

இதைக் கேட்டவுடனே நம்மில் ஒருவர் எழுந்து, "அப்படியானால் இந்த இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம், நாட்டு மருந்து கொடுப்போம், அதில் கெடுதலில்லை" என்பார். அவருக்கும் பதில் சொல்லவேண்டும். நம் தேசத்திலே சர்ப்பகந்தி என்று ஒரு மூலிகை உண்டு. 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள், அது புத்தி மாறாட்டத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். குளோர்புரோமசின் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் மனநோய்க்குக் கொடுக்கப்பட்டதும் அதே 1952இல்தான். நம்முடைய சர்ப்பகந்திச் சத்து வயிற்றைச் சும்மா விட்டதா? இல்லை. வயிற்றில் புளிப்பு நீரை அதிகமாக்கிற்று. பலருக்குப் பேதியை உண்டாக்கிற்று. அது நாட்டுச் செடி என்பதற்காக நம் வயிற்றுக்குச் சலுகை காட்டவில்லை. காரியம் செய்யும் மருந்து எதுவானாலும், எங்கே பிறந்ததானாலும், வேண்டாத காரியமும் கொஞ்சம் செய்யும். இடுமருந்து ஒன்றுக்குத்தான் பக்கவிளைவு கிடையாது. ஏனெனில் அப்படி ஒரு மருந்தே கிடையாது!

ஆகவே தோழர்களே, மாத்திரையைத் தூக்கி எறியும்படி நான் சொல்ல வரவில்லை. அப்படி நீங்கள் எடுத்துக்கொண்டால் என்னைப்போல் குற்றவாளி வேறொருவனில்லை. எங்கள் வீட்டிலேயே அந்தத் தப்பும் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், குடலைக் கட்டிய மாத்திரை வேண்டவே வேண்டாமென்று என் தமக்கை ஒளித்து வைத்துவிட்டாள். மூன்றே வாரத்தில் குரல் திரும்பி வந்துவிட்டது. ஒருநாள் இராத்திரி கிணற்றுமேட்டில் போய் நின்றான். பிறகு மறுபடியும் டாக்டரம்மாளிடம் ஓடினோம். அவர் நடுக்க மாத்திரையை நிறுத்தி, மற்றதின் அளவைக் குறைத்து, கூடவே மலமிளக்கியும் எழுதிக் கொடுத்தார். இப்போது குரலும் இல்லை, உப்புசமும் இல்லை. இவ்வளவுதான் சமாசாரம்! இதற்காகவா ஒரு பெண்ணைத் துரத்தினோம்?

அந்த மலமிளக்கி என்ன தெரியுமா? சென்னா என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நமது நிலாவாரை இலைதான். திருநெல்வேலியின் பெயராலேயே உலகமெங்கும் விற்பனையாகும் சரக்கு. நமது தென்பாண்டிச் சீமைக் கரிசலிலும் செவலிலும் விளைவது. இந்தச் சென்னாவையும், மலத்தை இளக்கும் டாகுசேட் என்ற மற்றொரு மருந்தையும் முறைப்படி கொடுத்து, குளோசபின் சாப்பிடுகிறவர்களின் குடலில் 110 மணி நேரமாக இருந்த பிரயாணத்தை 62 மணி நேரமாகக் குறைத்திருப்பதாக நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2017இல் எழுதினார்கள். நம் வயலில் விளைந்த இலை கடல் கடந்துபோய் அங்குள்ளவர் வயிற்றைக் காப்பாற்றுகிறது. நாமோ மயிருருண்டைக்கு மூவாயிரம் ரூபாய் அழுகிறோம்! ஆனால் இலை நம்முடையதென்று நீங்களாகவே இடித்துக் குடித்துவிடாதீர்கள். அளவு உண்டு, டாக்டரைக் கேட்டே கொடுக்கவேண்டும். அதுபோலவே குடல் அசையாமல் கிடக்கும்போது இசப்கோல் உமியைக் கொடுத்தால், உள்ளே போய் ஊதி அடைப்பை அதிகமாக்கவும் கூடும்.

இனி, வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் செய்யவேண்டிய காரியங்களைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் தயவுசெய்து கவனிக்கவேண்டும்.

முதலாவது, நாள்காட்டியில் குறியுங்கள். பால் கணக்குக் குறிக்கிறோம், சீட்டுக் கணக்குக் குறிக்கிறோம். வெளிக்குப் போன கணக்கையும் குறித்தால் கேவலமில்லை. மூன்று நாள் குறி விழவில்லையென்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லவேண்டும். நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயுள்ளவர்கள் வலியைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, வயிறு உப்பிக் கடினமாகி, வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் மறுநாள் மட்டும் பொறுக்கக்கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்படிப்பட்டவரை வாந்தி எடுக்க வைப்பது கொலைக்குச் சமானம். மாத்திரை மயக்கத்திலிருக்கிறவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டரைக் கேள்வி கேளுங்கள். "ஐயா, இது வயிற்றை என்ன செய்யும்? மலமிளக்கியும் சேர்த்து வேண்டுமா? நடுக்க மாத்திரை இன்னும் அவசியமா?" என்று கேளுங்கள். பூசாரியிடம் கைகட்டி நிற்காதே என்று சொல்லுகிற நாம் டாக்டரிடம் மாத்திரம் கைகட்டி நிற்கலாமா? சாமி சொன்னதென்று கேட்பதும் டாக்டர் சொன்னாரென்று காரணம் தெரியாமல் விழுங்குவதும் ஒரே அடிமைப் புத்திதான். பதில் சொல்ல நேரமில்லை என்கிறவரிடம் மரியாதையோடு மறுபடியும் கேளுங்கள். ஆனால் கேட்காமல் நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நாலாவது, தண்ணீர். இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகும் பெண்கள், கக்கூசு வசதியில்லாத இடங்களில், ஒதுங்க இடமில்லாத காரணத்தினாலேயே பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சாதாரணமானவர்களுக்கே இதனால் மலம் இறுகும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கவேண்டியதில்லை. ஆகவே ஆபீசில் நல்ல கக்கூசு வேண்டுமென்று கேட்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். மேலும் இந்த மாத்திரைகள் தூக்கத்தையும் கொண்டுவரும். சாப்பிடுகிறவரை வெடிமருந்து அறைக்கு அனுப்பவே கூடாது. வேறு வேலை கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

2021 பிப்ரவரி 12ஆம் தேதி இந்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆபீசில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கும் "தலைவிதி" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். தலைவிதி என்று சொல்லிவிட்டால் ஒரு சௌகரியம், யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இடுமருந்து என்று சொல்வதிலும் அதே சௌகரியம்தான் இருக்கிறது.

காரணத்தைக் கேட்காமல் விட்டதன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து ஜில்லாவில் நடந்ததையும் சொல்லுகிறேன். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலம், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. ஓடமுடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்களல்ல. உங்களையும் என்னையும் போன்ற தாய் தகப்பன்மார்தான். ஏர்வாடியை மாத்திரம் நான் சொல்லவில்லை. குணசீலத்துக்குப் போகிறவர்களும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்களும் அதே பரிதவிப்போடுதான் போகிறார்கள். எந்த மதத்துச் சாமிக்கும் இதில் தனிப் பெருமையுமில்லை, தனிச் சிறுமையுமில்லை. மாத்திரை சாப்பிட்டுப் பார்த்து, வயிறு கெட்டுப்போய், காரணம் சொல்ல ஆளில்லாமல் மறுபடியும் சங்கிலிக்கே திரும்பிப் போகிற வீடுகளைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். 2017ஆம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டத்தின்படி மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது. சட்டம் சங்கிலியைத்தான் அறுக்கும். சந்தேகத்தை நாம்தான் அறுக்கவேண்டும்.

அரசாங்கத்தில் இதற்கு வழியில்லாமலில்லை. விருதுநகரில் 2022இல் அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே ஆலோசனை சொல்லுகிறார்கள். இவற்றை உபயோகப்படுத்திக்கொள்வது பிச்சையல்ல. நம் வரிப்பணத்துக்கு உரிய பாத்தியதை.

கடைசியாக ஒரு வார்த்தை. துரத்தப்பட்ட அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்துவர என் தமக்கையும் நானும் போனோம். "அத்தை, என்மேல் குற்றமில்லையென்று இப்போதாவது தெரிந்ததா?" என்று கேட்டாள். என் தமக்கை தலைகுனிந்து நின்றாள். அவள் வந்துவிட்டாள். ஆனால் மூன்று மாதம் வரையில் அந்த வீட்டில் அடுப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது நியாயந்தான். வைக்காத மருந்துக்குத் தண்டனை கிடைத்தவள், சோற்றுப்பானையைத் தொடப் பயப்படாமல் என்ன செய்வாள்?

தோழர்களே! நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், யார் வைத்தது என்று கேட்காதீர்கள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்களானால் ஒரு உயிர் பிழைக்கலாம். ஒரு பெண்ணின் மானமும் பிழைக்கலாம்.